கிணத்து ஆமையா, தொட்டி ஆமையா?

முந்தி கிணத்துல விட்டாங்க, இப்ப கண்ணாடித் தொட்டி. எது ஆமைக்கு நல்லதுன்னு கேட்டிருக்கீங்க.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்க தோட்டத்துக் கிணத்துல ஒண்ணு கிடந்துச்சுங்க. புழு பூச்சியைத் தின்னு தண்ணியைச் சுத்தமா வெக்கும்னு அமுச்சி (அம்மாவோட அம்மா) சொல்லுவாங்க. உச்சி வெயில் கிணத்துக்குள்ள இறங்கினா, கல்படியில ஏறிக் கழுத்தை நீட்டிக் காயும்.

அந்த வெயில்தான் விஷயமே. ஓட்டுக்குக் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேணும், அதுக்குப் புற ஊதாக் கதிர் வேணும். ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துரும். அந்தக் கதிரைத் தர்ற யுவிபி விளக்கும் ஏறி உக்காரக் கல்லும் இல்லாட்டி ஓடு மெத்துனு ஆயிரும். படியில்லாத சிமெண்ட் கிணறு அதைவிட மோசம்.

நட்சத்திர ஆமை வேண்டவே வேண்டாங்க, 1972 வனவுயிர்ச் சட்டப்படி குத்தம். கடையில விக்கிற, கண்ணோரம் சிவப்புப் பட்டை போட்டது அமெரிக்காக்காரன். சலிச்சுப்போச்சுன்னு காளிங்கராயன் வாய்க்கால்ல விட்டுராதீங்க, நம்மூர் ஆமையோட தீனிக்குப் போட்டியா வந்துரும்.