எஃப்எஸ்சி சான்றிதழை ஏஜென்ட் வாங்கித் தருவாரா?

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து மரக் கரண்டி, வெட்டுப் பலகை, சீப்பு எல்லாம் செய்து விற்கிறோம். புது மரம் கொஞ்சம், பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் மரம் கொஞ்சம். ஐரோப்பாவில் உள்ள ஒரு கடைக்காரர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்கிறார், ஆனால் எஃப்எஸ்சி சான்றிதழ் கேட்கிறார். எங்களுக்கு மரம் தருபவரிடம் அது இருக்கிறது. அவருடைய நகலை அனுப்பினால் போதாதா? இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், பத்தே நாளில் உங்கள் பெயரிலேயே வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எஃப்எஸ்சி (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்பது 1990களின் தொடக்கத்தில் உருவான ஒரு பன்னாட்டு அமைப்பு. பொறுப்போடு பராமரிக்கப்படும் காட்டிலிருந்து மரம் வந்ததா என்று சொல்வதற்கான விதிகளை எழுதுவதுதான் அதன் வேலை. சான்றிதழை அது தன் கையால் யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன, அவர்கள் உங்கள் கொள்முதல் பில், இருப்புப் பதிவேடு, வேலை நடக்கும் முறை, விற்பனை பில் எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியானால்தான் சான்றிதழ் வரும். வந்தபின் ஐந்தாண்டு செல்லும், ஆனால் நடுவில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு, அதில் தேறாவிட்டால் நிறுத்தி வைத்துவிடுவார்கள். அப்படியிருக்க, இன்னும் நடக்காத ஒரு தணிக்கையின் முடிவை இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு இந்த விஷயமே தெரியாது, அல்லது நன்றாகத் தெரிந்தே சொல்கிறார். இரண்டாவது ரகம்தான் அதிகம். லோகோ போட்டு, முத்திரை வைத்து, பளபளவென்று ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள். அதில் இருக்கும் எண்ணைத் தேடினால் எங்கோ ஒரு காகித ஆலையின் பெயர் வரும், அல்லது எதுவுமே வராது.

ஆலோசகர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவேடு தயாரிக்கவும், உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தரவும், விண்ணப்பத்தை நிரப்பவும் ஒருவருக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. வேலைக்குக் காசு கொடுங்கள், சான்றிதழுக்குக் கொடுக்காதீர்கள். தணிக்கைக் கட்டணத்தை நேரடியாகத் தணிக்கை நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். "என்னிடம் கொடுங்கள், நான் கட்டிக்கொள்கிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், தணிக்கை செய்கிற நிறுவனமே உங்களுக்கு ஆலோசகராகவும் இருக்கக் கூடாது என்பது விதி. "நாங்களே ஆலோசனை, நாங்களே சான்றிதழ்" என்று ஒரே விசிட்டிங் கார்டில் போட்டிருந்தால் அதுவே போதுமான தடயம்.

சரி, மரம் தருபவரின் நகல். அது போதாது. அண்ணன் லைசென்ஸை வைத்துத் தம்பி வண்டி ஓட்ட முடியாது இல்லையா, அதே கதைதான். காட்டுக்குத் தருகிற சான்றிதழ் வேறு, அந்த மரத்தை வாங்கி அறுத்து இழைத்து விற்கிற ஒவ்வொருவருக்கும் தருகிற சான்றிதழ் வேறு. இரண்டாவதை 'செயின் ஆஃப் கஸ்டடி' என்பார்கள், அதாவது மரம் கைமாறுகிற சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியிடம் சான்றிதழ் இல்லையென்றாலும் அதோடு சங்கிலி அறுந்தது. கட்டை எவ்வளவு நல்ல காட்டிலிருந்து வந்திருந்தாலும், உங்கள் கையில் வந்து கரண்டியாகிவிட்டபின் அதை எஃப்எஸ்சி கரண்டி என்று விற்க முடியாது. லோகோவைப் பொருளில் அச்சடிப்பது மட்டுமல்ல, இணையக் கடையில் "எஃப்எஸ்சி மரத்தில் செய்தது" என்று எழுதுவதும் அனுமதி இல்லாத பயன்பாடுதான், ஏனென்றால் அந்த எழுத்துகளே வணிக முத்திரை. ஏற்கெனவே அப்படி எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மரம் தருபவரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். எஃப்எஸ்சியின் பொதுத் தேடல் பக்கம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. சான்றிதழ் எண்ணைப் போட்டால் அது உயிரோடு இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, எந்தெந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்பதெல்லாம் வரும். ஒட்டுப் பலகைக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி அறுத்த மரத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் வைத்திருப்பவர் விற்கிற எல்லா மரமும் எஃப்எஸ்சி மரம் ஆகிவிடாது. உங்களுக்குப் போட்ட பில்லிலேயே அவருடைய சான்றிதழ் எண்ணும், மரம் எந்த வகை என்பதும் இருக்க வேண்டும் ('எஃப்எஸ்சி 100 சதவீதம்', 'எஃப்எஸ்சி மிக்ஸ்' என்பது போல). பில்லில் அது இல்லையென்றால் அவர் வாயால் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இப்போது ஆர்டர் கொடுப்பவர் பக்கம். அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எஃப்எஸ்சி என்பது விருப்பப்பட்டு எடுக்கிற சான்றிதழ், அதை எந்த அரசும் உங்கள் மேல் திணிக்கவில்லை. பலர் கேட்பது எஃப்எஸ்சி, ஆனால் அவர்களுக்குத் தேவைப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டத்துக்கான விவரம். 2023இல் இயற்றிய சட்டம் அது. மரம், காபி, கோகோ, ரப்பர் உள்ளிட்ட ஏழு சரக்குகளுக்குப் பொருந்தும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த சரக்கை அங்கே விற்கக் கூடாது என்பது அதன் சாரம். மரம் எந்த நிலத்தில் வெட்டப்பட்டது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும், நிலம் நாலு ஹெக்டேருக்கு மேல் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லைக்கோடே வேண்டும். இந்த விவரங்களை அறிக்கையாகத் தாக்கல் செய்வது அங்கே இறக்குமதி செய்பவரின் கடமை, விவரம் தருவதுதான் உங்கள் வேலை. எஃப்எஸ்சி சான்றிதழ் இருந்தால் இதற்கு உதவும், ஆனால் இதற்குப் பதிலாக ஆகாது.

ஒரு கரண்டிக்கு எல்லைக்கோடா என்று கேட்பீர்கள். எனக்கும் அதே எரிச்சல்தான். ஆயிரம் பேர் வேலை செய்யும் பலகை ஆலையையும் நாலு பேர் பட்டறையையும் மனதில் ஒன்றாக வைத்துக்கொண்டு எழுதிய சட்டம், எழுதியவர்களே அது அமலாகும் தேதியை முதலில் ஓராண்டு தள்ளி, பிறகு மறுபடியும் தள்ளி வைத்தார்கள். நேர்மையாக முன்கூட்டியே தயாரான சின்ன ஆட்களுக்குத்தான் அதில் நஷ்டம். உங்கள் சரக்குக்கு எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்பதையும் இறக்குமதியாளரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: பழைய மரம். ஆயுள் முடிந்து, குப்பைக்குப் போக வேண்டிய பொருளிலிருந்து முழுக்க முழுக்கச் செய்த சாமானுக்கு அந்த ஐரோப்பியச் சட்டம் பொருந்தாது. இடித்த கட்டடத்தின் உத்தரம், நிலை, கதவுச் சட்டம் இதெல்லாம் அதில் வரும். ஆனால் இந்த விலக்கை வைத்துத்தான் எல்லோரும் விளையாடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதலாவது, 'முழுக்க' என்றால் முழுக்கத்தான். பலகை பழைய மரம், கைப்பிடி புது மரம் என்றால் விலக்கு போயிற்று. இரண்டாவது, அறுவை ஆலையில் மிஞ்சுகிற துண்டு துக்கடா பழைய மரம் ஆகாது. அது உற்பத்தியின் உபபொருள், சட்டமே அதைத் தனியாகப் பெயர் சொல்லி வெளியே வைத்திருக்கிறது. "மில் கழிவுதானே சார், மறுசுழற்சிதானே" என்று மூட்டை மூட்டையாக விற்பார்கள், வாங்கி வேலை செய்யுங்கள், நல்ல மரம்தான், ஆனால் அதைப் பழைய மரம் என்று எழுதாதீர்கள். உங்கள் பட்டறையிலேயே புது மரத்தில் மிஞ்சுகிற துண்டுக்கும் இதேதான். மூன்றாவது, பழையது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த முகவரி, எப்போது இடித்தது, எவ்வளவு எடை, விற்றவர் கையெழுத்து, ஆணி அடித்த தடத்தோடு மரத்தின் படம், இதெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். பழைய மரத்தையும் புது மரத்தையும் ஒரே அடுக்கில் போடாதீர்கள், இழைத்தபின் உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. நாலாவது, எஃப்எஸ்சியிலும் 'ரீசைக்கிள்டு' என்று ஒரு வகை இருக்கிறது, அதற்குப் பழைய மரம் விற்றவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்க உங்களிடம் சான்றிதழ் இருக்க வேண்டும்.

பழைய மரத்திலேயே ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இருக்கிறது, செஞ்சந்தனம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. இடித்த வீட்டு மரம்தானே என்று சுங்கத்தில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சின்னப் பார்சலுக்குச் சில தளர்வுகள் உண்டு, அதை நம்பிப் பெரிய ஆர்டர் எடுக்க வேண்டாம். உங்கள் நாட்டு வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். தேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைக் காட்டி இதுவும் சான்றிதழ்தான் என்று சிலர் காசு வாங்குவார்கள். அது பேக்கிங் பெட்டிக்கும் பேலட்டுக்கும் பூச்சி வராமல் சூடேற்றியோ மருந்துப் புகை போட்டோ பதப்படுத்தியதற்கான குறி (வழக்கமான சூடேற்றல் என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும்), மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதைப் பற்றி அது எதையும் சொல்லாது. மரப் பெட்டியில் அனுப்பினால் தேவை. உங்கள் கரண்டிக்கும் காட்டுக்கும் அதனோடு சம்பந்தம் இல்லை.

கடைக்காரர் எஃப்எஸ்சிதான் வேண்டும், லோகோவோடுதான் வேண்டும் என்று நின்றால், தனியாக எடுக்காமல் குழுச் சான்றிதழில் சேர முடியுமா என்று பாருங்கள். சின்னப் பட்டறைகள் பல சேர்ந்து ஒரே சான்றிதழின் கீழ் வரலாம், நடுவில் ஒரு அலுவலகம் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும், தணிக்கைச் செலவு பிரிந்துபோகும். ஒவ்வொரு பட்டறையின் ஆள் எண்ணிக்கையில் உச்சவரம்பு இருக்கிறது, நாலு பேருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று தணிக்கை நிறுவனங்களிடம் நேரடியாகவே எழுதி, உங்கள் பகுதியில் அப்படிக் குழு இருக்கிறதா, ஆண்டுச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். வந்த தொகையை இந்த ஆர்டரின் லாபத்தோடு மட்டும் ஒப்பிடாமல், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்தத் தணிக்கையைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர் வருமா என்றும் கணக்குப் போடுங்கள். வராது என்று தோன்றினால் கடைக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: எங்களிடம் எஃப்எஸ்சி இல்லை, ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் பில், மர வகை, வெட்டிய இடம், பழைய மரத்துக்கு ஆதாரம் எல்லாம் தருகிறோம் என்று. அதை ஏற்றுக்கொள்கிற கடைகளும் இருக்கின்றன. ஏஜென்ட்டுக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள், எந்தத் தணிக்கை நிறுவனத்தின் பெயரைச் சொன்னார் என்று கேட்டு, அந்த நிறுவனத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.