பத்திரத்தை அடகு வைத்து டேட்டா சயின்ஸ் வேண்டாம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு. மேலேயும் கணக்குதான் படிப்பேன் என்கிறாள். தாய்மாமனோ, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது சென்னையில் தனியார் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார்.

அம்மா, ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது நீங்கள், மாமா இல்லை. பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே சொல்லும், விடுங்கள்.

அவள் புராஜெக்ட் நோட்டைப் பார்த்தேன். தென்பெண்ணையில் அணைக்கட்டைத் தாண்டி விழும் தண்ணீர் சற்றுத் தள்ளித் திடீரென மேலெழுமே, அந்தத் தாவலைக் கணினியில் போட்டிருக்கிறாள். நீர்வரத்து இம்மி கூடினால் அங்கங்கே மட்டம் எவ்வளவு மாறும்? வரத்தைக் கூட்டாமல் ஒரு தரம், கூட்டி ஒரு தரம் கணக்கிட்டு, கழித்து, வரத்தில் கூட்டிய அளவால் வகுப்பது வழக்கம். சீரான ஓட்டத்தில் சரியாக வரும். தாவல் இருக்குமிடத்தில் விடை ஊசியாக எகிறுகிறது. கணக்குக்காக ஆற்றைப் பிரித்த கட்டங்களைப் பொடியாக்கப் பொடியாக்க ஊசி இன்னும் உயர்கிறது. ஏனென்றால் அங்கே தாவலே நகர்ந்துவிட்டது. அதன் முழு உயரமும் அந்த இம்மியால் வகுபடுகிறது. அதனால் இருபக்க மாற்றத்தைத் தனியாகவும், தாவல் நகர்ந்த தூரத்தைத் தனியாகவும் கணக்கிட வேண்டும். நிறையும் உந்தமும் இருபக்கமும் ஈடாக வேண்டும் என்ற நிபந்தனைதான் இரண்டையும் இணைக்கிறது. ஓரத்தில் பென்சிலால் "இடம் நகருது!" என்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லையாம்.

ஒலிவேகத்தை நெருங்கும் விமானத்தின் இறக்கைமேல் எழும் அதிர்ச்சி அலையும் இப்படிப்பட்ட தாவல்தான். நூற்றுக்கணக்கான வடிவ அளவுகளில் எதை மாற்றினால் காற்றின் இழுவை குறையும் என்பதை, ஏறக்குறைய இன்னொரு தரம் கணக்கை ஓட்டும் செலவிலேயே அறியும் வழியை 1988-இல் விமானவியல் அறிஞர் ஆன்டனி ஜேம்சன் காட்டினார். அதிர்ச்சி அலை குறுக்கிடும்போது அதை நம்பகமாகச் செய்வதற்கு இன்றும் ஆள் தேவை.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு கணித மையம் இப்படித் தாவல் எழும் ஓட்டங்களின் சமன்பாடுகளுக்குப் பேர்போனது. பி.எஸ்சி. முடித்தவர்கள் நுழைவுத்தேர்வு எழுதி ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரலாம், மாதாமாதம் உதவித்தொகை உண்டு. தேர்வு கடினம், இடமும் குறைவு. ஆகவே ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வையும், காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்துக்கான க்யூட் தேர்வையும் சேர்த்தே எழுதட்டும். காலாப்பட்டு கிடைத்தால் கடலூரிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். சினேகிதியிடம் இரவல் வாங்கித்தான் இவ்வளவும் செய்திருக்கிறாள்.