மகள் துருவத்துக்குப் போக வேண்டும் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் மின்னஞ்சலை நிதானமாகப் படித்தேன். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இந்த நேரத்தில் வில் ஸ்டீகர் என்ற அமெரிக்கரின் நாய்ச்சறுக்கு வண்டிப் பயணங்களைப் பார்த்துவிட்டு, "நானும் துருவத்துக்குப் போவேன், காலநிலை மாற்றத்துக்காக வேலை செய்வேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். இது சோறு போடுமா, இல்லை வயசுக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துருவப் பயணி என்ற பெயரில் மாதச் சம்பள வேலை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துருவத்துக்குப் போனவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொழில் இருந்திருக்கிறது. அந்தத் தொழில்தான் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. நீங்களும் மகளும் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஸ்டீகரையே எடுத்துக்கொள்வோம். 1944-இல் மினசோட்டா மாநிலத்தின் ரிச்ஃபீல்டில் பிறந்தவர். கல்லூரியில் ஜியாலஜி, அதாவது பாறைகளையும் நிலத்தையும் பற்றிய படிப்பு, படித்தார், பிறகு கல்வியியலில் முதுகலை. மூன்று வருடம் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்தார். 1970-இல்தான் ஈலி என்ற சிற்றூருக்கு வெளியே காட்டில் குடியேறினார். அங்கே குளிர்காலப் பயணத்தைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்தினார், நாய்களை வளர்த்துப் பழக்கினார். அவருடைய புகழ்பெற்ற 1986 வட துருவப் பயணம் நடக்கும்போது அவருக்கு வயது 41. அதாவது காட்டில் 16 குளிர்காலம் கழிந்த பிறகு. மகள் பார்த்த வீடியோவில் இந்த 16 வருடம் சில நொடிகளில் ஓடியிருக்கும். அதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், மிரட்டலாக வேண்டாம், தகவலாக.

அந்த 1986 பயணத்தில் வழியில் விமானத்திலிருந்து உணவோ பொருளோ இறக்கவில்லை. அப்படி நாய்வண்டியில் வட துருவத்தை அடைந்ததாக உறுதிசெய்யப்பட்ட முதல் குழு அதுதான். வட துருவத்தில் நிலம் கிடையாது, உறைந்த கடல்தான். பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி மேடு மேடாக எழுந்து நிற்கும், நடுவில் திடீரென்று பிளந்து தண்ணீர் தெரியும். ஜிபிஎஸ் இல்லை. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, தாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். முக்கோணவியல் எதற்கு என்று மகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

அப்புறம் 1989-90 அன்டார்க்டிகா பயணம். நான் மாணவர்களிடம் விரிவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். 1989 ஜூலை 27 அன்று அன்டார்க்டிக் தீபகற்பத்தில் கிளம்பி, டிசம்பர் 11 அன்று தென் துருவத்தைத் தொட்டு, 1990 மார்ச் 3 அன்று சோவியத் நிலையமான மிர்னியில் முடித்தார்கள். 220 நாள், சுமார் 6,000 கிலோமீட்டர். ஆறு நாட்டிலிருந்து ஆறு பேர். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தவர்கள் என்று பாருங்கள்.

பிரான்ஸின் ழான்-லூயி எத்தியென் ஒரு டாக்டர். 1986-இல் தனியாளாகச் சறுக்கிக்கொண்டு வட துருவத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், வழியில் உறைந்த கடல் மேல் தற்செயலாக ஸ்டீகர் குழுவைச் சந்தித்தார். அன்டார்க்டிகா பயணத்துக்கான விதை அங்கே விழுந்தது. பிரிட்டனின் ஜெஃப் சோமர்ஸ், பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் நாய்வண்டியோடு வேலை செய்தவர், குழுவுக்கு வழி கணித்தவர். சோவியத் யூனியனின் விக்டர் பொயார்ஸ்கி பனியை ஆராயும் விஞ்ஞானி, வழியெல்லாம் ஓசோன் அளவு எடுத்தார். காலையில் வெறும் உடம்போடு பனியில் குளித்துவிட்டு, கூடாரம் கூடாரமாகப் போய் அன்றைய வானிலையைச் சொல்வாராம். ஜப்பானின் கெய்ஸோ ஃபுனட்ஸு நாய்ப் பயிற்சியாளர். ஸ்டீகர், முன்பே சொன்னபடி, ஆசிரியர்.

ஆறாவது ஆள் சீனாவின் சின் தாஹே. பனியாறுகளை ஆராயும் விஞ்ஞானி. குழுவில் சேரும்போது அவருக்குப் பனிச்சறுக்கே சரியாக வராது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவருடைய படிப்பு அங்கே தேவைப்பட்டது. நாளெல்லாம் நடந்த களைப்பிலும் மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனி மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டே கண்டத்தைக் கடந்தார். பிற்பாடு சீன வானிலைத் துறையின் தலைவரானார். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியில், அறிவியல் அடிப்படையைத் தொகுக்கும் பணிக்குழுவுக்கு 2007 அறிக்கையிலும் 2013 அறிக்கையிலும் இணைத்தலைவராக இருந்தார். காலநிலை மாற்றத்துக்காக வேலை செய்வது என்று உங்கள் மகள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பயணம் முடிய ஒன்றிரண்டு நாளே இருந்தபோது, மாலையில் நாய்களுக்குச் சாப்பாடு வைக்கப் போன ஃபுனட்ஸு பனிப்புயலில் வழி தவறிவிட்டார். கூடாரம் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. அவர் அலையாமல், பனியில் சிறு குழி பறித்துப் படுத்து, மேலே பனி மூடட்டும் என்று விட்டுவிட்டார். மற்ற ஐந்து பேரும் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டமிட்டுத் தேடினார்கள். சுமார் 13 மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்தான் உயிரோடு எழுந்து வந்தார். அலையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற அறிவும், கயிற்றை விடாமல் தேட வேண்டும் என்ற ஒழுங்கும் பல வருடப் பயிற்சியில் வந்தவை. பயிற்சி இல்லாமல் இந்தப் பக்கமே போக முடியாது. இதில் உங்கள் பயம் நியாயமானது, அதை மகளிடம் அப்படியே சொல்லலாம்.

இப்போது காலநிலை விஷயம். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஆறு பேரும் கடந்தது லார்சன் பனித்தட்டு. நிலத்திலிருந்து நீண்டு கடல் மேல் மிதக்கும் பெரும் பனிப்பரப்பு அது. அதன் வடபகுதியான லார்சன் ஏ 1995-இல் உடைந்தது. 2002-இல் லார்சன் பி, சுமார் 220 மீட்டர் தடிமன், 3,250 சதுர கிலோமீட்டர், சில வாரங்களில் நொறுங்கிப்போனது. சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல ஏழு மடங்குக்கும் மேல். கோடையில் மேற்பரப்பு உருகிக் குளம் குளமாகத் தேங்கிய தண்ணீர் விரிசல்களுக்குள் இறங்கி, ஆப்பு அடித்த மாதிரி அடிவரை பிளந்துவிட்டது. மிதக்கும் பனி உடைவதால் மட்டும் கடல் மட்டம் அவ்வளவாக உயராது. ஆனால் அந்தத் தட்டு முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்த பனியாறுகள் வேகமாகக் கடலுக்குள் இறங்க ஆரம்பித்தன. கடல் மட்டத்தை உயர்த்துவது அதுதான்.

தான் நடந்து கடந்த தரை காணாமல் போனதைப் பார்த்த மனிதர் ஸ்டீகர். 2006-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இன்று அதன் பெயர் க்ளைமேட் ஜெனரேஷன். காலநிலை மாற்றத்தை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2007-இல் கனடாவின் பாஃபின் தீவில், ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் வேட்டைக்காரர்களோடு நாய்வண்டியில் போனார். கடல் எப்போது உறைகிறது, எப்போது உடைகிறது என்பதில் அந்த மக்கள் தங்கள் வாழ்நாளிலேயே கண்ட மாற்றங்களைக் கேட்டு உலகத்துக்குச் சொன்னார். கவனியுங்கள், அவர் முதலில் பார்த்த ஆசிரியர் வேலைக்கே திரும்பியிருக்கிறார், வகுப்பறைதான் பெரிதாகிவிட்டது. ஆகவே காலநிலைக்காகப் பேசுவது என்பது கோஷம் போடுவதோடு முடிகிற காரியமில்லை, அதற்குள் பாடம் நடத்துகிற, எழுதுகிற, தரவைப் புரியும்படி சொல்கிற வேலைகள் இருக்கின்றன.

மகளுக்கு ஒரு தகவல். அன்டார்க்டிகாவில் இனி நாய்வண்டி ஓட்ட முடியாது. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறைப்படி, 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாய்களையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. நாய்களிடமிருந்து கடல்நாய்களுக்கு நோய் பரவலாம் என்ற அச்சம் ஒரு காரணம். அதே நெறிமுறைதான் அங்கே சுரங்கம் தோண்டுவதையும் தடை செய்தது. அந்தக் கண்டத்தைக் காப்பாற்றச் சொல்லித்தான் ஸ்டீகர் குழு நடந்தது. நாய்கள் மேல் உயிரையே வைத்திருந்த அவர்களுக்கு இது எளிதான விஷயமாக இருந்திருக்காது.

பெண் பிள்ளை ஆயிற்றே என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். 1986-இல் ஸ்டீகரோடு வட துருவம் சேர்ந்த ஆன் பான்க்ராஃப்ட் ஒரு பள்ளி ஆசிரியை. நம் நாட்டில் 1983-இலேயே சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் அன்டார்க்டிகாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சுதீப்தா ஜியாலஜி பேராசிரியர், முறையாக மலையேற்றம் பயின்றவர். அதிதி கடலியல் விஞ்ஞானி. இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் அன்டார்க்டிகாவில் இருக்கும் நம் பாரதி நிலையத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வேலை பார்த்துத் திரும்பினார்.

சரி, வழிக்கு வருவோம். இந்தியாவின் துருவப் பணிகளை நடத்துவது கோவாவில், வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். அன்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி நிலையங்கள், ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி, இமயமலையில் ஸ்பிதி பக்கம் ஹிமான்ஷ். விஞ்ஞானிகள் மட்டும் போனால் இந்த நிலையங்கள் ஓடாது. டாக்டர், ஜெனரேட்டர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், தகவல்தொடர்பு ஆட்கள், சமையல்காரர் எல்லாரும் வேண்டும்.

அதனால் நீட் கோச்சிங்கை நிறுத்த வேண்டாம். எத்தியென் போன வழி அது, நம் நிலையங்களுக்கும் டாக்டர்கள் போகிறார்கள். நல்ல மதிப்பெண் வந்து மருத்துவமும் பிடித்திருந்தால் அதிலேயே போகட்டும். ஆனால் நீட் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வருடம், மூன்றாவது வருடம் என்று அவளை உட்கார வைக்காதீர்கள். இந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல கதவுகள் இருக்கின்றன.

என் விருப்பத்தைக் கேட்டால், பி.எஸ்சி. ஜியாலஜி அல்லது பிசிக்ஸ். ஜியாலஜி சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, திருச்சி நேஷனல், தூத்துக்குடி வ.உ.சி., சேலம் அரசு கலைக் கல்லூரிகளிலும் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்களைக் கடனில் தள்ளாது. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். வானிலைப் பக்கம் மனம் போனால் கொச்சின் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை உண்டு. அதன் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் (2023-இல் நிர்ணயித்த தொகை), வீட்டு வாடகைப் படி தனி. ஒருவேளை துருவ வாய்ப்பு அமையாமலே போனாலும் இதே படிப்புக்கு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், நிலத்தடி நீர் வாரியம், சுரங்கத் துறை என்று வேலை இருக்கிறது. அப்பாவாக உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

உடம்பையும் இப்போதே பழக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த உடனே என்சிசி. அதன் வழியாகவும் உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையங்களுக்குப் போகலாம், நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். அடிப்படைப் பயிற்சி சுமார் 4 வாரம், இடங்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். நம் அன்டார்க்டிகா குழுவினரை அனுப்புவதற்கு முன் எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனையும் உத்தராகண்ட் மலைப்பகுதியான ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. "மாணவர்களுக்கான அன்டார்க்டிகா தலைமைப் பயணம்" என்ற மாதிரிப் பெயர்களில் பல லட்சம் கேட்டுக் கப்பலில் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் அது தகுதியாகாது. அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள், அந்தப் பணத்தில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம்.

அந்த ஆறு பேரில் தான் யாராக இருக்க விரும்புகிறாள், ஏன் என்று மகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலோடு அதையும் எனக்கு அனுப்புங்கள். டாக்டர் என்று எழுதினால் ஒரு திட்டம், சின் தாஹே என்று எழுதினால் வேறு திட்டம். கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்குவதற்கு முன் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.