ஜூனியரின் ட்ராஃப்ட், சீனியரின் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

சிவில் வழக்குகள் பார்க்கும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். மனு, எதிர்மனு, நோட்டீஸ் எல்லாவற்றையும் சாட்ஜிபிடியில் போட்டுத்தான் எழுதுகிறேன். சீனியர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சாட்ஜிபிடி கொடுத்த ஒரு சைட்டேஷனை, அதாவது மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்பை, இப்போது எங்கே தேடியும் காணவில்லை. ஏற்கெனவே தாக்கல் செய்த மனுவில் அது இருக்கிறது. எதிர்த்தரப்பு கவனிக்கவில்லை. இதற்குப் பொறுப்பு நானா, சீனியரா, அந்த மென்பொருளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மென்பொருளை விட்டுவிடுங்கள். வக்காலத்து போட்டது அது இல்லை. மீதி இருப்பது நீங்களும் சீனியரும். இருவருக்குமே பொறுப்பு உண்டு.

நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் அவியாங்கா வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான். 2019இல் விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாக ஒரு பயணி வழக்குப் போட்டார். இரண்டு வருடக் காலக்கெடு தாண்டிவிட்டது என்றது விமான நிறுவனம். அதற்குப் பதில் எழுதிய பயணியின் வக்கீல் முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர். அந்தக் கோர்ட்டில் அவர் ஆஜராக முடியாது என்பதால், அதே அலுவலகத்து இன்னொரு வக்கீல் கையெழுத்துப் போட்டார். மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் உண்மையா என்று அவர் பார்க்கவில்லை. அவற்றில் ஆறு சாட்ஜிபிடி கற்பனை செய்தவை.

அந்தப் போலித் தீர்ப்புகளில் ஒன்று வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ். இறந்துபோன ஒருவரின் சார்பாகத் தொடுத்த வழக்காக அது ஆரம்பிக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், விமானத்தில் இடம் மறுக்கப்பட்டு கூடுதல் செலவு செய்ய நேர்ந்த வேறொரு வர்கீஸின் கதையாக மாறிவிடுகிறது. சட்டம் படிக்காத என் கண்ணுக்கே இது உறுத்துகிறது. ஒரு முறை முழுதாக வாசித்திருந்தால் போதும். பதிலை எழுதிய வக்கீல், 'இது உண்மையான வழக்கா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். ஆமாம் என்றது. தீர்ப்பின் நகலைக் கொண்டுவரச் சொன்னது கோர்ட். அதே மென்பொருள் தந்த பக்கங்களையே பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்தார்கள்.

2023 ஜூன் 22 அன்று, எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், அலுவலகம் மூவருக்கும் சேர்த்து நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம்பகமான செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியை நாடுவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. மார்ச் மாதம் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியவுடனே உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமையே வேறாக இருந்திருக்கும் என்றார். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். அவர்களுக்கு அந்த வாய்ப்பு மார்ச் மாதமே இருந்தது, விட்டுவிட்டார்கள். உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

இன்றைக்கே சீனியரிடம் சொல்லுங்கள். அந்த சைட்டேஷனை இனி ஆதாரமாகக் காட்டவில்லை, திரும்பப் பெறுகிறோம் என்று கோர்ட்டில் ஒரு மெமோ (சிறு குறிப்பு) தாக்கல் செய்யச் சொல்லுங்கள். திட்டு விழலாம், விழட்டும். எதிர்த்தரப்பு கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நாளை வாதத்தில் அது தெரியவந்தால், நீதிபதி உங்கள் மனுவில் மற்ற எந்த வரியை நம்புவார்? நஷ்டம் கட்சிக்காரருக்கு. அவர் உங்களைத்தான் நம்பி வந்தார்.

சரிபார்ப்பது இன்று கஷ்டமே இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்த நீதிமன்றத்தின் இஎஸ்சிஆர் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மனுவில் சேர்க்கும் ஒவ்வொரு தீர்ப்பையும் அங்கே திறந்து, தேவையான பத்தியைப் படித்து, நகல் எடுத்து ஃபைலில் வையுங்கள். தீர்ப்பு உண்மையாக இருந்து, நீங்கள் சொல்வதற்கு நேர் எதிராக அதில் எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 'எல்லாவற்றையும் போட்டு' என்கிறீர்கள். கட்சிக்காரரின் பெயர், சர்வே எண், குடும்பத் தகராறு, கடன் விவரம் எல்லாமுமா? வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று பாரதிய சாட்சிய அதிநியம் 132ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தனியார் கம்பெனியின் சர்வரில் அதைக் கொண்டுபோய்க் கொட்ட அவர் சம்மதம் தந்தாரா? பெயரையும் எண்களையும் எடுத்துவிட்டு சட்டக் கேள்வியை மட்டும் கேளுங்கள். நோட்டீஸின் நடையைச் சீர்படுத்த அது போதும்.

முதலில் அந்த மெமோ. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.