இறந்த குட்டியின் துணியை எடுத்துவிடலாமா?

நாய்க்குட்டி இறந்துவிட்டது, தாய் நாய் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் குட்டியின் துணியிலேயே படுத்திருக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். தாய் நாய் அதில் மூக்கைப் புதைத்துப் படுத்திருப்பதைப் பார்க்க உங்களுக்குத்தான் தாங்கவில்லை. வீட்டிலேயே பிறந்து அதன் காலடியிலேயே வளர்ந்த குட்டி. அந்த வாசனை இனி அதில் மட்டும்தான் மிச்சம். துவைக்காமல் விடுங்கள். போகப் போக தாய் நாயே அங்கே போவதைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் குட்டி பார்வோ (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்) மாதிரி தொற்றில் இறந்திருந்தால் கதை வேறு, துணியை இன்றே அப்புறப்படுத்துங்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தாங்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. எதனால் இறந்தது என்று நீங்கள் எழுதவில்லையே!

தாய் நாய் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததற்கு, பெரும்பாலும் குட்டி போன ஏக்கம்தான் காரணம். 2022-இல் இத்தாலியில் 426 பேரிடம் கேட்ட ஆய்வில், கூட இருந்த நாய் இறந்தபின் மற்றதன் போக்கு மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள்.

ஆனாலும் உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். (ஈறு கறுப்பாக இருந்தால் இது சரியாகத் தெரியாது.) தாமதமானாலோ, வாந்தி இருந்தாலோ, தண்ணீரையும் ஒதுக்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாவிட்டாலும் அப்படித்தான்.

சாப்பாட்டு நேரம், நடை நேரம் எதையும் மாற்றாதீர்கள். புதுக் குட்டி யோசனை இப்போது வேண்டாம்.

தொற்று இல்லையென்றால், உங்களுக்கென்று துணியில் ஓர் ஓரம் வெட்டி இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், வாசனை இருக்கும்போதே.