அட்டை நிற்கும், தட்டி நிற்குமா?

வணக்கம் அம்மா,

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒரு முழுநீள நாடகம் போடுகிறோம். பழைய மாடிவீட்டின் கூடமும் மாடிப்படியும்தான் களம். அரங்க அமைப்பு என் பொறுப்பு. அட்டையில் சிறு மாதிரி ஒன்று செய்துகொள்ள நினைக்கிறேன். கணினியில் வரைந்தாயிற்று, இனி அட்டை வெட்டி ஒட்டுவது வீண்வேலை என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். செய்யலாமா? எந்த அளவில் செய்வது?

இப்படிக்கு,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கட்டாயம் செய்யுங்கள். கணினிப் படத்தில் நீங்கள் தேர்ந்த கோணம்தான் தெரியும். அட்டை மாதிரியைச் சுற்றி ஐந்து பேர் நின்றால் ஐந்து குறைகள் வெளிவரும்.

ஐரோப்பிய அரங்குகளில் 1:25 வழக்கம். நம் தச்சர் அடிக்கணக்கில் வேலை செய்கிறவர். ஆகவே அடிக்கு அரை அங்குலம், அதாவது 1:24, வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி மேடை 15 அங்குலமாகும். ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம். சுவருக்கு முன்னால் அந்த மனிதரை வெட்டி நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அவரைப் பார்த்து அளவாகட்டும்.

உங்கள் மாடிப்படியையே எடுத்துக்கொள்வோம். 10 அடி உயரத்துக்கு 7 அங்குலப் படிகள் 17 வேண்டும். படிக்கு 10 அங்குல அகலம் என்றால் நேராகப் போகும் படிவரிசை 13 அடியைத் தின்றுவிடும். மேடையில் ஏறக்குறைய பாதி! ஆறாவது படியோடு திருப்பி, மீதியைத் தட்டிக்கு (மேடையில் சுவராக நிறுத்தும் தடுப்பு) பின்னால் மறைக்கலாமே என்பது அட்டையை வெட்டும்போதுதான் தோன்றும்.

அடுத்தது பார்வை. நான் ஒருமுறை மாதிரியை மேசைமேல் வைத்துக் குனிந்து, மேலிருந்தே பார்த்து வேலையை முடித்துவிட்டேன். நாடகத்தன்று உள்பக்கம் திறந்த கதவு, கட்டிலில் கிடந்த தந்தையை அரங்கின் இடப்பக்கம் முழுவதற்கும் மறைத்துவிட்டது. அவர் சாகும் காட்சியில் பாதிப் பேர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது. உங்கள் மேடை மூன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், முன்வரிசையில் உட்கார்ந்தவரின் கண் ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். மாதிரியில் அது மேடைத்தளத்துக்குக் கால் அங்குலம் மேலே. ஒரு அட்டையில் ஊசித்துளை போட்டு, அந்த உயரத்தில், முன்வரிசையின் கடைசி நாற்காலி இருக்கும் இடத்தில் நிறுத்தி, அதன் வழியாகப் பாருங்கள். தரையில் நீங்கள் ஆசையாக வரைந்த கோலம் அங்கே தெரியவே தெரியாது.

ஆனால் மாதிரி ஒன்றை மட்டும் சொல்லாது: எடை. நீளம் 24 மடங்கு குறைந்தால் கன அளவு 13,824 மடங்கு குறைகிறது. மேசையில் அட்டை தானாக நிற்கும். 12 அடித் தட்டி நிற்காது. 1912இல் மாஸ்கோ கலை அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்துக்கு ஆங்கிலேய அரங்க வடிவமைப்பாளர் கோர்டன் கிரெய்க் நெடிய நகரும் திரைத்தட்டிகளை வடிவமைத்தார். மாதிரி மேடையும் அதில் நகர்த்திப் பார்க்கச் சிறு மர உருவங்களும் செய்து, காட்சி காட்சியாகத் திட்டமிட்டார். மாதிரியில் விரலால் தள்ளினாலே தட்டிகள் நகர்ந்தன. முதல் நாள் நாடகம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் உண்மைத் தட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன என்று எழுதியிருக்கிறார் அவரோடு சேர்ந்து அந்த நாடகத்தை இயக்கிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. கிரெய்க் அதை மறுத்தார். யார் சொன்னது சரியாக இருந்தாலும், தட்டி எழுப்பிய எவருக்கும் அந்தப் பயம் புரியும்.

ஆகவே மாதிரியின் பின்பக்கத்தையும் செய்யுங்கள். வண்ணம் பூசுவதற்கு முன்பே, வெள்ளை அட்டையாக இருக்கும்போதே, தச்சரை அழைத்துக் காட்டுங்கள். எங்கே முட்டுக் கொடுப்பீர்கள் அண்ணா என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கிற இடத்திலெல்லாம் ஒரு தீக்குச்சியை ஒட்டிவிடுங்கள். இந்த அளவில் அது ஏறக்குறைய 2 அங்குல ரீப்பர்.

அன்புடன்.