முடவாட்டுக்கால்: செதிலோடு வாங்குங்கள், தூளாக வாங்காதீர்கள்

கேள்வி: கொல்லிமலை போனபோது வழியில் அரை கிலோ முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினேன். அம்மாவுக்கு மூட்டுவலி. "இது பாறையில விளைஞ்சது, மரத்துல விளைஞ்சதுன்னா விஷம்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு இடத்தில் டிரைனேரியா என்றும் இன்னொரு இடத்தில் அக்லமார்ஃபா என்றும் பெயர் போட்டிருக்கிறது. இணையத்தில் தூள் விற்கும் ஒருவர், மலையில் விற்பதெல்லாம் வேறு செடி, தன்னிடம் இருப்பதுதான் அசல் என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? மிச்சம் இருப்பதைத் தொட்டியில் நடலாமா? படம் அனுப்பியிருக்கிறேன். (சேலம் வாசகர்)

பதில்: ஏமாறவில்லை. படத்தைப் பார்த்தவரை அது முடவாட்டுக்கால்தான். அந்தத் தூளை வாங்கியிருந்தால் என்ன வாங்கினீர்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

படத்தில் நான் முதலில் பார்த்தது அதன் மேல் மண்டியிருக்கும் பழுப்பு ரோமத்தைத்தான். பொசுக்காத ஆட்டுக்கால் மாதிரி இருப்பதால்தான் இந்தப் பெயரே வந்தது. ஆனால் அது ரோமம் இல்லை. நகத்தால் ஒன்றைப் பிய்த்து வெள்ளைத்தாளில் வைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். தட்டையாக, காகிதம் போல மெலிந்து, அடியில் அகன்று நுனி நீண்டு இருக்கும். அதற்குப் பெயர் செதில். அடுத்து, ஒரு துண்டைக் குறுக்கே வெட்டுங்கள். வெளிறிய சதைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டம் கட்டி நிற்கும். தண்ணீரும் சத்தும் போகிற குழாய்க் கற்றைகள் அவை. செதிலும் புள்ளி வட்டமும் சேர்ந்திருந்தால் உங்கள் கவலையில் முக்கால்வாசி தீர்ந்தது. மீதிக் கால்வாசிக்கு இலையைப் பார்க்க வேண்டும். அது சந்தைக்கு வருவதில்லை.

இது கிழங்கே இல்லை. பெரணிச் செடியின் தண்டு. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும் பைகளிலிருந்து தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்) உதிரும், அதுதான் இனப்பெருக்கம். தண்டு மண்ணுக்குள் போகாமல் பாறை மேல் படுத்தபடி ஊர்ந்து போகும்.

கிழங்கு என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. கேரளத்துத் தாவரங்களைப் பற்றி டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலின் கடைசித் தொகுதி 1693இல் வந்தது. அதிலேயே இதன் உள்ளூர்ப் பெயர் 'பன்ன கெலெங்கு மரவர' என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரில் கிழங்கும் இருக்கிறது, மரமும் இருக்கிறது. மரத்தில் விளைந்தது விஷம் என்று உங்களிடம் சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பாறையில் இருப்பதும் மரத்தில் இருப்பதும் ஒரே இனம்தான். இந்தச் செடிக்குப் பிடிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். புல்லுருவி மாதிரி இது மரத்துக்குள் உறிஞ்சியை நுழைத்துச் சாற்றை எடுப்பதில்லை. எட்டி மரத்தில் ஏறினால் எட்டியின் நஞ்சு இதில் இறங்கும், வேம்பில் ஏறினால் கசப்பு இறங்கும் என்பதெல்லாம் புல்லுருவியைப் பார்த்துவிட்டு இதன் தலையில் கட்டிய கதை. பாறைச் சரக்கு, மரச் சரக்கு என்று பிரித்து இரண்டு விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

மொட்டைப் பாறையில் இது எதைத் தின்று வாழ்கிறது என்று கேட்பீர்கள். இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை. ஒன்று நீளமான பச்சை இலை. ஆழமாகப் பிளந்திருக்கும், வித்துப் பைகள் இதில்தான் இருக்கும். இன்னொன்று குட்டையாக, காம்பில்லாமல், தண்டை அணைத்தபடி கிண்ணம் போல நிற்கும். அது சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. பார்ப்பவர்கள் செத்த இலை என்று நினைப்பார்கள். காற்றில் வரும் சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாவற்றையும் பிடித்து வைத்து மக்கவிடுவது அந்தச் செத்த இலைதான். கல்லின் மேல் தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி இது. ஒரு பாறையில் படர்ந்ததை அடியோடு வழித்து எடுத்தால், செடி மட்டும் போகாது. அந்த எருவும் போய்விடும். மறுபடி அங்கே எதுவும் பிடிக்க வெகு காலம் ஆகும்.

சரி, பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பாலிபோடியம் குவர்சிஃபோலியம் என்று பெயர் வைத்தார். குவர்சிஃபோலியம் என்றால் ஓக் மர இலை போன்றது என்று பொருள். அந்தப் பழுப்புக் கிண்ண இலையைப் பார்த்து வைத்த பெயர். 1841இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஸ்மித் இதை டிரைனேரியா என்ற பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு) மாற்றினார். அதற்கும் கிரேக்கத்தில் ஓக் என்றுதான் பொருள். நம் மலையில் ஓக் மரத்தையே பார்க்காத செடிக்கு முன்னாலும் ஓக், பின்னாலும் ஓக்! அப்புறம் மரபணு ஆய்வுகள் வந்தன. அக்லமார்ஃபா என்று தனியாக வைத்திருந்த பெரணிகள் டிரைனேரியாவின் கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் எது முந்திய பெயரோ அதுதான் நிற்க வேண்டும் என்பது விதி. அக்லமார்ஃபா சில ஆண்டுகள் மூத்தது. அதனால் சிலர் அப்படி எழுதுகிறார்கள், சிலர் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே செடிதான். 'குவர்சிஃபோலியா' என்ற பின்பாதி ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பெயரைக் காட்டி இரண்டு செடி என்று ஒருவர் வியாபாரம் செய்கிறார் என்றால், அதற்குச் செடிகளை வகை பிரித்துப் பெயர் வைக்கிற வகைப்பாட்டியல்காரர்களாகிய நாங்களும் கொஞ்சம் பொறுப்பு. பெயரை மாற்றுகிற வேகத்தில் அதை ஊருக்கு விளக்க எங்களுக்கு வரவில்லை.

வேறு செடி எதுவும் இந்த வேடத்தில் வராதா? ஒன்று உண்டு. சிபோட்டியம் பாரோமெட்ஸ் என்ற பெரிய பெரணி. சீனாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வளர்வது. அதன் தண்டும் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். பொன்னிற ரோமம் அடர்ந்திருக்கும். மத்திய ஆசியப் பக்கம் தார்த்தாரி என்று அவர்கள் சொன்ன நாட்டில் செடியில் ஆட்டுக்குட்டி காய்க்கிறது என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஒரு கதை ஓடியது. இந்தத் தண்டைத்தான் அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். லின்னேயஸ் அதையும் அதே 1753இல் பாலிபோடியம் என்றே வைத்தார். இன்று அது வேறு குடும்பம். அதன் மேல் இருப்பது உண்மையான ரோமம், பட்டு போல உருளையான இழை. நம்முடையதில் இருப்பது தட்டைச் செதில். ரோமமா செதிலா என்பது பெரணிகளைப் பிரிப்பதில் பெரிய அடையாளம், அதனால்தான் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். அந்தச் செடியின் பன்னாட்டு வணிகத்துக்கு, காட்டுயிர்கள், காட்டுச் செடிகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்பாடு உண்டு. கொல்லிமலைச் சாலையோரக் கூடையில் அது வராது. தூள் பொட்டலத்தில் எதுவும் வரலாம்.

தோலைச் சீவி, காயவைத்து, அரைத்துவிட்டால் செதில் போச்சு, புள்ளி வட்டம் போச்சு. அதற்குப் பிறகு கண்ணால் யாரும் எதுவும் சொல்ல முடியாது, நானும்தான். நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். அந்தச் செலவைப் பொட்டலம் கட்டுபவர் செய்வாரா? "4448 வியாதிக்கும் மருந்து" என்று அச்சடிக்க அவரிடம் பணம் இருக்கிறது. மலையில் கூடை வைத்து விற்கிற அம்மாவிடம் வாங்கி, நடுவில் கைமாறி, நகரத்தில் பல மடங்கு விலைக்குப் போகிறது. பாறையை வழிக்கச் சொல்லி நெருக்குவதும் இந்த நடுக்கைதான். காலங்காலமாகச் சேகரித்த வேர், கிழங்கு, மூலிகைகளை எடுக்கவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. சுற்றுலா வந்தவர் பாறையேறிப் பிடுங்கி வர அது உரிமை தரவில்லை.

இந்தச் செடி எங்கள் அலுவலகங்களைப் படுத்துகிற பாடும் உண்டு. ஒருமுறை ஒரு மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கப் போனேன். படிவத்தில் வேர், கிழங்கு, இலை, பட்டை என்று நான்கு கட்டம். தண்டுக்குக் கட்டமே இல்லை. "சார், ஏதாவது ஒண்ணுல டிக் அடிங்க" என்றார் இருக்கையில் இருந்தவர். முப்பது வருடம் தண்டு என்று பாடம் நடத்தியவன், கிழங்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவின் மூட்டுவலிக்கு: இதன் சாற்றை வைத்து ஆய்வுக்கூடத்தில், விலங்குகளில் வீக்கம் குறைவதைப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அது வடித்தெடுத்த சாறு. நீங்கள் வைப்பது மிளகு சீரகம் தட்டிப் போட்ட சூப். சூப் நன்றாகவே இருக்கும், அசைவ வாசனை கூட வரும். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். செதிலைச் சுத்தமாகச் சீவிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் குத்தும்.

நடலாம். ஆனால் மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். வளரும் நுனியோடு, செதில் உதிராத ஒரு துண்டை எடுத்து, ஒரு கல்லின் மேலோ மரக்கிளையிலோ தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டுங்கள். நிழல் வேண்டும், நேர் வெயில் கூடாது. நாரை ஈரமாக வைத்திருங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். கோடையில் பச்சை இலை உதிர்ந்தால் பிடுங்கி எறிய வேண்டாம், மழைக்குத் திரும்பி வரும். பழுப்பு இலை வந்த பிறகு அதையும் கிள்ளாதீர்கள். வந்த பச்சை இலையை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பினால் அந்த மீதிக் கால்வாசியையும் உறுதி செய்து சொல்கிறேன். ஏற்கெனவே தோல் சீவிய துண்டுகள் முளைக்காது. அவற்றை இன்றைக்கே சூப் வைத்துவிடுங்கள்.